தும்மலோடு முப்பத்து நான்கு கிலோமீட்டர்

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அறைக் கதவைப் பூட்டும்போதே முதல் தும்மல் வந்துவிட்டது. சாவியை இடுப்பில் செருகுவதற்குள் இன்னும் எட்டு. வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒற்றைத் தும்மலோ இரட்டைத் தும்மலோ, புறப்படும்போது தும்மினால் சற்று உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. நான் சகுனம் பார்த்தால் வருஷத்தில் மூன்று மாதம் தெருவிலேயே இறங்க முடியாது. சைக்கிளில் ஏறிவிட்டேன்.

நான் தந்திச் சேவகன். தந்தி கொண்டுபோய்க் கொடுப்பதற்காக நாள்தோறும் இருபது மைல் சைக்கிள் மிதிப்பது என் பிழைப்பு. பதினான்கு வயதிலிருந்து எனக்கொரு நோய் உண்டு. சம்பா அறுவடை தொடங்கியதும் அதுவும் தொடங்கும். பங்குனி முடிந்ததும் சொல்லாமல் போய்விடும். மேலண்ணம் அரிக்கும், கண்ணில் நீர் கொட்டும், தும்மல் ஒன்பது பத்தாகச் சேர்ந்து வரும், மாலையானால் மார்பில் விசில் ஊதும். வைத்தியர் பீனிசம் என்றார். நொச்சி ஆவி, தூதுவளை, ஓமப் பொட்டலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஊரார் வைத்த பெயர் வேறு: காசநோய். சாப்பாட்டுக் கடையில் என் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். எனக்குப் பேசி முடித்த பெண்ணை அவள் வீட்டார் வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று முறை சளியைச் சோதித்து, கிருமி இல்லை என்று காகிதம் வாங்கி வைத்திருக்கிறேன். காகிதத்தைக் காட்டினால் அதைத் தொடவும் யோசிக்கிறார்கள்.

அதனால்தான் இந்தப் பயணம். பிரெஞ்சுக்காரர் ஆளும் புதுச்சேரி எல்லைக்குள், வில்லியனூரிலிருந்து பாகூர் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் தை மாதத்தில் நடக்கிறது. முப்பத்து நான்கு கிலோமீட்டர். வெளியூர்க்காரரும் ஓட்டலாம். எனக்கு மிக மோசமான மாதம் எதுவோ அந்த மாதத்தில், நெல் வயல்களின் நடுவில் ஓட்டிக் காட்டிவிட்டால், அதற்கப்புறம் எவன் என்ன சொல்வான் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

ஏழு மணி. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி நாலரை மைலில் ரெட்டிச்சாவடி. பிரிட்டிஷ் சுங்கச் சாவடியில் சைக்கிள் எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். திரும்பும்போது அதே சைக்கிள் என்று நிரூபிக்காவிட்டால் தீர்வை கட்ட வேண்டும். காவலர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னாத்துக்கு அந்தப் பக்கம் போறே?"

"வில்லியனூர்ல சைக்கிள் பந்தயம்."

சொல்லி முடிப்பதற்குள் தும்மல் பிடித்துக்கொண்டது. அவர் பேரேட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"யாரு ஓட்டறது? நீயா? உனுக்குத்தான் காயிலாவா கீதே."

"காயிலா இல்லீங்க. தை மாசம்."

அவர் கட்டைக் கம்பத்தைத் தூக்கிவிட்டார். அந்தப் பக்கம் முள்ளோடை. அங்கிருந்து மைல் கற்கள் முடிந்து கிலோமீட்டர் கற்கள் தொடங்குகின்றன. கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினேன்.

எட்டரை மணி. பாகூர். ஏரி கரை தட்ட நிறைந்திருந்தது. கரையில் காற்று ஈரமாக வீசியதால் என் மூக்கும் சற்று ஓய்ந்தது. பந்தயத்துக்கு முன் இங்கே ஒரு மனிதரைப் பார்க்க வேண்டியிருந்தது. பெயர் தேவசகாயம். தினமும் விடியற்காலையில் மணப்பட்டுக் கடற்கரைக்குப் போய், மீன் கூடையைச் சைக்கிளில் கட்டி, பாகூர்ச் சந்தைக்கும் சில நாள் வில்லியனூருக்கும் கொண்டுவருபவர். சைக்கிள் மீன் வியாபாரியுடையது, கால்கள் அவருடையவை. சென்ற வருஷமும் நான் இந்தப் பந்தயம் ஓட்டினேன். கரிக்கலாம்பாக்கத்துக்கு அருகில் எனக்குத் தும்மல் வந்து, கண் மூடி, அவர் சக்கரத்தில் மோதினேன். இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்கை தேய்ந்தது. அவருக்குக் கழுத்தெலும்பு உடைந்தது. கட்டுப் போட்டு இரண்டு மாதம் கூடை கட்டாமல் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கத் துணிவு வரவில்லை. வருஷம் ஒன்று ஓடிவிட்டது.

சந்தையில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். சட்டை போடாத தோளில் எலும்பு கூடிய இடம் கழற்சிக்காய் போல் புடைத்திருந்தது.

"வாங்க தந்திக்காரரே. இந்த வருசம் எந்த எலும்பு?"

நான் மன்னிப்புக் கேட்டேன். கடலூரிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த வார்த்தைகள் பாதியில் தும்மலாகிவிட்டன. அவர் பொறுமையாக, ஒன்பதும் முடியும் வரை காத்திருந்தார்.

"தும்முனா யாருக்கும் கண்ணு மூடிக்கும். அது தப்பில்ல. சொல்லாம தும்முனீங்க பாருங்க, அதான் தப்பு."

"சொல்லிட்டுத் தும்ம முடியுமா?"

"வர்றது முன்னாலயே தெரியுமா தெரியாதா?"

யோசித்துப் பார்த்தேன். தெரியும். முதலில் அண்ணம் அரிக்கும், பிறகு இடது கண் கலங்கும், அதன் பிறகு இரண்டு எண்ணலாம்.

"அப்பக் கத்துங்க. வண்டிக்காரன் குரல் குடுக்கறதில்லியா? அந்த மாரி 'தும்மல்'னு ஒரு சத்தம் குடுங்க. நாங்க வெலகிக்கறோம்."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கறவன் சைக்கிள் மெதுவாத்தான் போவும். நமக்கு நல்லதுதானே."

நாளைக்கு அவரும் ஓட்டுகிறார். பிற்பகலில் வில்லியனூர் வந்து, மாதா கோயிலுக்குப் பின்னால் தன் சின்னம்மா வீட்டில் தங்குவதாகச் சொன்னார்.

ஒன்பதரை மணி முதல் பன்னிரண்டரை வரை. பாகூரிலிருந்து வில்லியனூருக்குப் பதினேழு கிலோமீட்டர். பந்தயப் பாதையைத் தலைகீழாக ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். கப்பிச் சாலை, இரண்டு பக்கமும் வண்டிச் சக்கரத் தடம் ஆழமாக விழுந்திருந்தது. கரும்பு வயல்கள் பூத்து நின்றன. கரிக்கலாம்பாக்கத்தில் நாங்கள் விழுந்த இடத்தில் இறங்கி நின்றேன். ஒரு புளியமரமும் சின்ன வளைவும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஏம்பலத்தில்தான் கண்டம். சாலையோரம் வரிசையாகக் களங்கள். கதிரடித்துத் தூற்றுகிற தூசி சாலைக்குக் குறுக்கே மஞ்சள் திரை போலத் தொங்கியது. அந்தத் திரைக்குள் முந்நூறு அடி போவதற்குள் இருபத்தோரு தும்மல். இறங்கி, வாய்க்கால் நீரில் முகம் கழுவி, மீண்டும் ஏறினேன். மூன்று இடத்தில் இப்படி. சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரம் எனக்கு மூன்று மணி பிடித்தது.

ஒரு மணி. வில்லியனூர்த் தேரடிக்கு எதிரே பந்தலில் பெயர் பதிவு. கட்டணம் இரண்டு பணம். இங்கே ஒரு ரூபாய்க்கு எட்டுப் பணம். எழுத்தர் என் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குக் காசநோய் என்று மனு வந்திருக்கிறதாம். டாக்டர் பார்த்துச் சரியென்றால்தான் எண் தருவார்களாம்.

டாக்டர் புதுச்சேரித் தமிழர், தடித்த கண்ணாடி போட்டவர். என் ஆஸ்பத்திரிக் காகிதத்தை விரித்துப் பார்த்து மடித்தார்.

"இது இங்கிலீஷ். நான் படிச்சது பிரெஞ்சு."

குழலை வைத்து நெஞ்சைக் கேட்டார். "இழுக்குதே."

"தூசியில வந்தேன் ஐயா. காலையில இருக்காது."

"போன வருஷம் ஒருத்தன் எலும்பை ஒடிச்சே. இந்த வருஷம் வழியில உன் மூச்சு நின்னா யார் பதில் சொல்றது? ஊருக்குப் போ. நல்ல மாசமாப் பார்த்து வேற பந்தயம் ஓட்டு."

"நல்ல மாசத்துல யாரும் என்னைச் சந்தேகப்படறதில்லை ஐயா. எனக்கு இந்த மாசந்தான் வேணும். செத்தா நீங்க பொறுப்பில்லைன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

எழுத்தர் பிரெஞ்சில் நாலு வரி எழுதினார். படித்துப் பொருள் சொல்லச் சொன்னேன். எரிச்சலோடு சொன்னார். "இன்னொரு வரி சேர்த்துக்குங்க" என்றேன். "உயிரோட வந்து சேர்ந்தா, டாக்டர் மறுபடி பார்த்து, காசநோய் இல்லேன்னா இல்லேன்னு எழுதித் தரணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு எழுத்தரிடம், "எழுது" என்றார். எனக்குப் பதினோராம் எண் கிடைத்தது.

இரண்டு மணி. பசி. கடைத்தெருவில் ஒரு காப்பிக் கடை. நான் இருமியதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். மற்றவர்களுக்குப் பித்தளை டம்ளர். எனக்கு ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி நீட்டினார். அதை எங்கிருந்து எடுத்தார் என்று பார்த்தேன். கொல்லைப் பக்கம் மூங்கில் முளையில் நாலைந்து கொட்டாங்கச்சிகள் தொங்கின. சேரி ஆட்கள் வந்தால் கொடுப்பதற்காம். இந்தப் பிரெஞ்சு ஊரில் எல்லா ஆண்களுக்கும் வோட்டு உண்டு, சட்டத்தின் முன் எல்லோரும் ஒன்று என்று நம் பக்கத்தில் பெருமையாகப் பேசுவோம். காப்பிக் கடை வரை அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. கொட்டாங்கச்சியை அப்படியே பலகையில் வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கு இது ஒரு பருவத்து அவமானம். சட்டென்று தேவசகாயத்தின் நினைவு வந்தது. அவரும் சேரிக்காரர்; அவர் மீன் போடும் தெரு இதுதான்.

நேரே மாதா கோயிலுக்குப் பின்னால் போய் விசாரித்தேன். சின்னம்மா பெயர் ரோசாலி. களத்து வேலை முடிந்து, தலையிலிருந்த பதரைத் தட்டிக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் தேவசகாயமும் வந்து சேர்ந்தார். சாப்பிடக் கேட்டேன்.

"எங்க வூட்ல சாப்புடுவீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

"போடுவீங்களா? ஊர்ல எனக்குக் காசநோய்ங்கறாங்க."

அவர் என் கண்ணையும் மூக்கையும் ஒருதரம் பார்த்தார். "இதுவா? பதரு தூத்தற பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு இது கீது. அறுப்பு முடிஞ்சா சரியாப் பூடும். ஈரத்துணியால வாயையும் மூக்கையும் கட்டிக்கினு தூத்துவோம். குந்துங்க."

இத்தனை வருஷமாக இந்த நோய் உலகத்தில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டார். தேவசகாயம் குடித்த செம்பிலேயே எனக்கும் தண்ணீர் வந்தது. அந்தச் சாப்பாட்டை நான் வேகமாகச் சாப்பிட்டேன்; மெதுவாகச் சாப்பிட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

சனிக்கிழமை, காலை ஆறரை மணி. தேரடியில் இருபத்து மூன்று பேர். பனி இன்னும் விலகவில்லை. என்னருகில் நின்றவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி தள்ளி நின்றான். வரிசையின் நடுவில் நீலப் பட்டுச் சட்டை அணிந்த புதுச்சேரிக்காரர் ஒருவர். அவர் சைக்கிள் பிரான்சிலிருந்து கப்பலில் வந்ததாம், கண்ணாடி மாதிரி மின்னியது. மேர் ஐயா, அதாவது இந்தக் கொமின் என்னும் நகரசபையின் தலைவர், கொடியை இறக்கினார்.

மங்கலம் வரை எல்லோரும் ஒரே கூட்டம். ஐந்தாவது கிலோமீட்டரில் அண்ணம் அரித்தது. கத்த வாயெடுத்தேன், வெட்கப்பட்டு மூடிக்கொண்டேன். இடது கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த தோள்களையும் கழுத்துகளையும் பார்த்தேன். கத்தினேன்.

"தும்மல்."

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் எனக்கு முன்னும் பின்னும் சாலை காலியாயிற்று. கண்ணை மூடி, கைப்பிடியை நேராகப் பிடித்து, ஏழு தும்மினேன். யாரும் விழவில்லை. சிரித்தார்கள், உண்மைதான். தேவசகாயம் சொன்னது போலச் சிரித்தவர்கள் பின்தங்கினார்கள்.

ஏம்பலம் வருவதற்குள் நாலு முறை கத்திவிட்டேன். மஞ்சள் திரை தெரிந்ததும் கழுத்தில் கட்டியிருந்த ஈரத்துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டேன். துணிக்குள் மூச்சு போதவில்லை, தலை சுற்றியது. ஆனால் திரையைக் கடக்கும் வரை ஒரு தும்மலும் இல்லை. களத்தில் நின்ற பெண்களும் அதே மாதிரி முகம் கட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி முறத்தை உயர்த்தி, "எங்க ஆளுடி" என்றாள். திரை தாண்டியதும் துணியைப் பிடுங்கி மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

பாகூர் ஏரிக்கரையில் வைத்திருந்த பீப்பாயைச் சுற்றித் திரும்பும்போது நான் ஒன்பதாவது. முன்னால் போனவர்கள் வந்த வேகத்துக்கு இப்போது விலை கொடுக்கத் தொடங்கினார்கள். நாள்தோறும் இருபது மைல் மிதிக்கிற கால் அப்போதுதான் சூடேறும். கரிக்கலாம்பாக்கம் வளைவில் நான் ஐந்தாவது. முன்னால் தேவசகாயம். பழைய இடம் பார்த்து அண்ணம் அரித்தது.

"தும்மல்."

அவர் திரும்பிப் பார்க்காமலே இடப்பக்கம் ஒதுங்கினார். புளியமரம் கடந்து போயிற்று. இருவரும் சைக்கிளில்தான் இருந்தோம்.

"வா, வா. நீ பின்னாலயே ஒட்டிக்கினு வா. எதிர்க்காத்த நான் வாங்கிக்கறேன்" என்றார். அவர் என்னை முதல் முறையாக 'நீ' என்றது அங்கேதான். எனக்கு அது பிடித்திருந்தது.

மாறி மாறிக் காற்றை வாங்கிக்கொண்டு, ஏம்பலத்தில் நான் மறுபடி துணியை இழுத்துவிட்டு, மங்கலத்தில் முன்னால் போன மூவரையும் பிடித்தோம்; அவர்களில் இருவர் பின்தங்கினார்கள். கடைசிக் கிலோமீட்டரில் மூன்று பேர்: தேவசகாயம், பட்டுச் சட்டைக்காரர், நான். என் மார்பு விசில் ஊதத் தொடங்கியிருந்தது. கண்ணீரில் கோபுரம் இரண்டாகத் தெரிந்தது. அண்ணம் அரித்தது, இடது கண் நிறைந்தது.

"தும்மல்."

பட்டுச் சட்டைக்காரர் பதறி வலப்பக்கம் ஒடித்தார்; முன் சக்கரம் மணலில் இறங்கியது. நான் கண்ணை மூடினேன். ஒன்று, இரண்டு எண்ணினேன். தும்மல் வரவில்லை. வருவதாகச் சொன்ன விருந்தாளி வாசல் வரை வந்து திரும்பியது போல, மூக்கின் நுனியில் நின்று போய்விட்டது. கண்ணைத் திறந்தபோது தேவசகாயம் எல்லைக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். இரண்டு சைக்கிள் நீளம் பின்னால் நான் தாண்டினேன். பட்டுச் சட்டைக்காரர் மூன்றாவது.

எட்டே கால் மணி. பந்தலில் வழக்கு. பட்டுச் சட்டைக்காரர், நான் பொய்யாகக் கத்தி அவரை மணலில் தள்ளினேன் என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து பேசியது. மேர் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"கடைசியாகக் கத்தினாயே, தும்மல் வந்ததா?"

வந்தது என்று சொன்னால் முடிந்துவிடும். மணலையும் கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் என் மூக்கைப் பார்த்தவர் யாருமில்லை.

"வரலீங்க."

"பிறகு ஏன் கத்தினாய்?"

"வர்ற மாதிரி இருந்தது. வந்து நின்னுடுச்சு."

கூட்டம் சிரித்தது. மேர் ஐயா சிரிக்கவில்லை. நான் வேண்டுமென்றே செய்ததாக அவர் நினைக்கவில்லை, ஆனாலும் அடுத்தவருக்கு நஷ்டம் என்றார். பட்டுச் சட்டைக்காரருக்கு இரண்டாம் இடம், எனக்கு மூன்றாம் இடம் என்று எழுதச் சொன்னார். தேவசகாயம் ஏதோ சொல்ல முன்னால் வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு பிரெஞ்சில் எழுதி, முத்திரை குத்தி, பொருளும் சொன்னார்: காசநோய்க்கு அறிகுறி இல்லை, பருவத்தில் வரும் மூக்குச் சளியும் இழுப்பும்.

"உன் இங்கிலீஷ் காகிதத்துல முக்கியமான ரெண்டு வார்த்தை பிரெஞ்சுலயும் அதேதான்" என்றார். "நேத்தே புரிஞ்சுது. என் பயம் உன் மூச்சைப் பத்தித்தான். இனிமேலும் அதான்."

பத்து மணி. தேவசகாயத்தோடு பாகூர் வரை சேர்ந்து வந்தேன். ஏம்பலம் தாண்டியதும் அவர் சைக்கிளை என் பக்கம் ஒட்டினார். பிறகு கேட்டார்.

"வந்துச்சின்னு சொல்லியிருந்தா இன்னா? ரெண்டாவது எடம் உனுது. எவனுக்குத் தெரியும்?"

"வராத ஒண்ணை வந்துச்சுன்னு சொன்னா, வந்ததெல்லாம் பொய்யாயிடும் தேவசகாயம். இன்னிக்கு மட்டும் நாப்பத்தாறு தும்மல். அத்தனையும் நெசம்."

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

அவர் சிரித்ததில் சைக்கிள் ஆடியது. பாகூர்ச் சந்தை முனையில் பிரிந்தோம். மறுநாள் ஞாயிறு; திங்கட்கிழமை விடியலில் அவர் மணப்பட்டுக்குப் போக வேண்டும்.

பிற்பகல் ஒரு மணி. ரெட்டிச்சாவடியில் அதே சைக்கிள்தான் என்று நிரூபித்துக் கம்பத்தைக் கடந்தேன். கிலோமீட்டர் கற்கள் முடிந்து மைல் கற்கள் வந்தன. இரண்டு பக்கத்திலும் ஒரே நெல், ஒரே தூசி, ஒரே மூக்கு. ஆனால் இந்தப் பக்கம் நான் பதினைந்து வருஷமாகத் தும்மலை ஒளித்தே வாழ்ந்திருக்கிறேன்: துண்டுக்குள், சுவரைப் பார்த்து, சந்துக்குள் நின்று. ஒளித்ததற்குக் கிடைத்த பெயர்தான் காசநோய். அந்தப் பக்கம் ஒரு காலை முழுவதும் உரக்கச் சொல்லிவிட்டுத் தும்மினேன். மூன்றாவதாக வந்தவன் என்று பெயர் எழுதினார்கள்.

பங்குனி முடிய இன்னும் எழுபது நாளுக்கு மேல் இருக்கிறது. அத்தனை நாளும் தும்மப் போகிறேன். ஒரு நாளும் விடுப்பு எடுக்கப் போவதில்லை.